அத்தைக்குப் போட்ட இலை

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு சேதி. இந்த வயதில் வெளிநாடு போனால் அந்த ஊர் பாதிதான் கண்ணில் படுகிறது. மீதி இடத்தில் நாம் சின்ன வயதில் எங்கோ விட்டுவிட்டு வந்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது. பல்கேரியா எப்படி இருந்தது என்று கேட்பவர்களிடம், தயிர் நம் ஊர்த் தயிரைவிடக் கெட்டி, ரோஜாத் தைலம் நல்ல வாசம் என்று சொல்லித் தப்பித்துவிடுகிறேன். உங்களிடம் மட்டும் நடந்ததைச் சொல்கிறேன்.

மகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. ஒரு சனிக்கிழமை, "ரொம்பப் பழைய ஊரும்மா, உங்களுக்குப் புடிக்கும்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான். ஹிசார்யா என்று பெயர். மலையடிவாரத்தில் சின்னஞ்சிறு ஊர். ரோமானியர்கள் கட்டிய செங்கல் சுவர் இன்னும் ஊரைச் சுற்றி நிற்கிறது. அவர்களுக்கும் முன்னால் திரேசியர் என்று ஒரு கூட்டம் அங்கே வாழ்ந்து, செத்தவர்களைப் புதைத்து மேலே மண்மேடு எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது. போகிற வழியெல்லாம் வயல் நடுவே அந்த மேடுகள்தான். பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் வருகிற ஊர் என்பதால் தெருக்குழாயிலேயே சுடுதண்ணீர். வயதானவர்கள் பிளாஸ்டிக் கேனோடு வந்து பொறுமையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். குளிர் விடாத மாதம். குழாயடியில் எழுந்த ஆவி தெருவெல்லாம் தாழ்வாகப் பரவி நின்றது. காலடிச் சத்தம்கூட நம்முடையதுதானா என்று சந்தேகம் வரும்படி ஊர் அமைதியாக இருந்தது.

அங்கேதான் கதவுகளில் அந்தக் காகிதங்களைப் பார்த்தேன். முதலில் வாடகைக்கு விடும் விளம்பரம் என்று நினைத்தேன். கிட்டப் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். கதவில், கேட்டில், கரண்ட் கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில், மரத்தில்கூட.

"செத்தவங்கம்மா" என்றான் மகன். "செத்தன்னைக்கு ஒட்டுவாங்க. நாப்பதாம் நாள் புதுசா ஒண்ணு. வருஷம் திரும்பினா இன்னொண்ணு. பத்து வருஷம் கழிச்சும் ஒட்டறவங்க இருக்காங்க. நம்ம ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரிதான்."

அதே மாதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. நம் போஸ்டரில் செத்தவரைவிட ஒட்டியவர்கள் படம்தான் பெரிதாக இருக்கும், ஒரு மழையில் எல்லாம் போய்விடும். இங்கே அவரவர் வீட்டுக் கதவிலேயே அவரவர் முகம். அந்த முகத்தைத் தள்ளித்தான் உள்ளே போக வேண்டும், காய்கறி வாங்கிக்கொண்டு வந்தாலும். ஒரு நீலக் கதவில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி சிரித்தாள். ஏதோ குழுவாக எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தது போல. அவள் தோளின்மேல் யாருடையதோ நாலு விரல் மட்டும் இருந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும் என் கால் நகரவில்லை.

அப்போது கதவு திறந்தது. காகிதத்தில் இருந்த அதே பெண்மணி வெளியே வந்தாள்.

அதே நரை, அதே மூக்கு, அதே சிரிப்பு. கையில் ஒரு தட்டு. அதில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கோப்பைகளில் வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை. ஒன்றை எடுத்து என் கையில் வைத்து ஏதோ சொன்னாள். செத்தவர் பெயரால் தெருவில் போகிறவர்களுக்கும் கொடுப்பார்களாம், மறுக்கக் கூடாதாம். நான் படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். "படத்துல இருக்கறவ அவங்க கூடப்பிறந்தவளான்னு கேளுடா" என்றேன். அவன் கேட்டான். அவள் நிதானமாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

இல்லையென்றால் பின்னே யார்? நான் ஓரடி பின்னால் போனதைப் பார்த்து மகன் சிரித்துவிட்டான். "அம்மா, இந்த ஊர்ல ஆமான்னா அப்படித்தான் ஆட்டுவாங்க. ரெட்டைப் பிறவியாம். அக்கா போய் இன்னைக்கு ஒரு வருஷம்."

அந்த அம்மாளும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் கோப்பையை அப்படியே மகன் கையில் கொடுத்துவிட்டேன். சுவரில் மாலையோடு இருக்கிற ஒருத்தி அந்தப் படத்துக்கு முன்னாலேயே வந்து நின்றதை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அந்த முறை யாருக்கும் ரெட்டைப் பிறவி கிடையாது.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம். எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகிற ஊரில். அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் ஒரே தங்கையான அத்தை. அத்தையிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. பச்சை மூடி போட்ட பவுடர் டப்பா ஒன்று இருந்தது, காலியான பிறகும் அதை எனக்குத் தரமாட்டாள். மதியத்தில் மெஷினை மிதித்துக்கொண்டே என்னைத் தன் முதுகில் சாய்ந்து தூங்கவிடுவாள். அந்தக் குலுக்கலில் வந்த தூக்கம் அதற்குப் பிறகு எந்த மெத்தையிலும் எனக்கு வரவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள் என்றார்கள். உண்மை என்னவென்றால், எங்கள் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்த குடும்பத்தில் பிறந்து, படித்து, போத்தனூர் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். ஊருக்கே தெரியும். தெரியாதது பிள்ளைகளுக்கு மட்டும்.

அப்படிப் போன பெண்ணைத் தலைமுழுகிவிட்டோம் என்று எல்லா வீட்டிலும் வாயால் சொல்வார்கள். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர். ஆற்றங்கரையில் பங்காளிகளோடு போய் மொட்டையடித்து முழுகினார். பதினாறாம் நாள் கருமாதி வைத்தார். பாரியூர்த் தேருக்குப் போனபோது எடுத்த குடும்பப் படத்தைக் கோபி ஸ்டுடியோவில் கொடுத்து, அத்தையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாட்டினார். படத்தில் அவர் தங்கையின் தோளில் கை போட்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ முயன்றும் அந்த விரல்களை அழிக்க முடியவில்லை. வீட்டின் முன்கூடத்தை நாங்கள் ஆசாரம் என்போம். அந்த ஆசாரத்துச் சுவரில் அத்தை சந்தன மாலையோடு சிரித்தாள், தோளில் அப்பாவின் நாலு விரலோடு.

பிரச்சினை காக்கையில் தொடங்கியது. கருமாதியன்று படையலை எடுத்துக் கூரைமேல் வைத்தார்கள். எந்தக் காக்கையும் வரவில்லை. பங்காளிகள் வெயிலில் நின்று கா கா என்று கத்தி ஓய்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன. சோறு காய்ந்து உதிர்ந்ததுதான் மிச்சம்.

"எடுக்க மாட்டீங்குதுங்க" என்றார் ஒரு பங்காளி, மெதுவாக.

அம்மா அடுப்படியில் நின்று, "உசுரோட இருக்கறவ சோத்தக் காக்கா எப்படீங்க எடுக்கும்?" என்று முணுமுணுத்தாள். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

இப்போது யோசித்தால் அங்கேயே எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்திருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருத்தியைச் செத்தவளாக்கி மாலை போட்டு, தினம் அந்திக்கு விளக்கும் வைத்துக்கொண்டிருந்தால், வைக்கிறவர்களுக்கே அது மெல்ல உண்மையாகிவிடுகிறது. அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டார்கள். காக்கை தொடவில்லை. அப்பாவின் முகம் கருத்துக்கொண்டே வந்தது. அந்தப் பருவத்தில் ஒரு கறவை எருமை செத்தது. கிணற்று மோட்டார் எரிந்தது. எந்த வருஷமும் நடக்கிறதுதான், ஆனால் அந்த வருஷம் நடந்ததற்கெல்லாம் காரணம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். நூல் இல்லை, துணி இல்லை. சும்மா மிதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் அந்தச் சத்தம் இல்லாமல் இருக்க முடியவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அத்தைதான் அம்மாவுக்குள் இறங்கி மிதித்தாள் என்று நம்பினேன். அடுத்த வாரம் அப்பா மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அப்புறம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வருகிற காய்ச்சல். குழந்தை வாழைத்தண்டு போல வெளுத்துப்போனான். அப்பா உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கியை வீட்டுக்கு அழைத்துவந்தார். அவர் வெளியூர்க்காரர், எங்கள் கதை தெரியாதவர். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். உடுக்கையை அடித்தார்.

"உங்க ஊட்டுல ஒரு பொம்பளை உசுரு ஆறாம நிக்குதுங்க. கேக்கறதக் குடுத்து அனுப்போணும். இல்லீன்னா சின்னதைக் கூட்டீட்டுப் போயிரும்."

அப்பாவுக்குத் தெரியும். தங்கை போத்தனூரில் உயிரோடு சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்த வீட்டில் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் கோடாங்கி சொன்னதைக் கேட்டு அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என்ன கேப்பாளுங்க?" என்றார்.

ஹிசார்யாவில் ஊருக்கு வெளியே ஒரு ரோமானியக் குடும்பத்துக் கல்லறை இருக்கிறது. மியூசியத்துப் பெண் சாவியோடு வந்து திறந்துவிட்டாள். படியிறங்கிப் போனால் தரைக்கடியில் வளைந்த கூரையோடு ஒரு சின்ன அறை. சுவரில் வண்ணம் இன்னும் மங்காமல் இருந்தது. உறவுக்காரர்கள் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். மகன் என் முகத்தைப் பார்த்து, "பயமா இருக்காம்மா?" என்றான். "செத்தவங்களுக்குத்தானேடா வெச்சாங்க, அதுல என்ன பயம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனிடம் நான் இந்தக் கதையைச் சொன்னதில்லை. அத்தை இப்போது இல்லை. போன வருஷம்தான், நிஜமாகவே, போத்தனூரில் இறந்தாள்.

கோடாங்கி சொன்னபடி, அடுத்த அமாவாசைக்கு அப்பா பெரிய படையல் போட்டார். பச்சைப் பயறுக் குழம்பு, அரிசிம்பருப்புச் சோறு, கத்தரிக்காய், பாயசம், எல்லாம் அத்தைக்குப் பிடித்தவை. படத்துக்கு நேராக நீளமான வாழை இலை. தம்பி பக்கத்தில் பாயில் கிடந்தான். உச்சி வெயில். ஊர் முழுக்கக் கதிரறுப்புக்குப் போயிருந்ததால் தெருவில் நாய்கூட இல்லை. அப்பா தட்டில் சூடத்தைக் கொளுத்திப் படத்துக்குக் காட்டிவிட்டு, முறைப்படி அழைத்தார்.

"வந்து சாப்புடு அம்மணி. எங்கிருந்தாலும் வா."

வாசலில் நிழல் விழுந்தது. அத்தை நின்றிருந்தாள்.

மெலிந்து, கறுத்து, வயிறு மட்டும் பெரிதாக. கோபியில் பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், காலெல்லாம் புழுதி. நான் கத்தினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. அம்மாதான், "அய்யோ சாமி" என்று முன்னால் ஓடினாள்.

"தொடாதே!" என்று அப்பா அலறினார்.

அத்தை திட்டுக்கும் அடிக்கும் தயாராகத்தான் வந்திருப்பாள். இதற்குத் தயாராக வந்திருக்க முடியாது. "அண்ணா, நாந்தானுங்க" என்றாள்.

அப்பா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். சூடத் தட்டைக் கீழே வைத்தார். பிறந்ததிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்ட தங்கையிடம் அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"என்ன வேணுமுங்க? கேளுங்க. எதுன்னாலும் குடுத்துபோடறனுங்க. பையன மட்டும் உட்டுபோடுங்க."

அத்தை அவரைப் பார்த்தாள். அப்புறம் மாலையோடு இருந்த தன் படத்தைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். பாயில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பசிக்குதுங்க" என்றாள்.

நேராக வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தனக்குப் போட்ட படையலைத் தானே சாப்பிட்டாள். நன்றாகப் பசித்திருந்தவள் சாப்பிடுகிற மாதிரி, குழம்பை வழித்து, நிதானமாக. அப்பா கைகூப்பி நின்றார். அம்மா அழுதுகொண்டே இரண்டாம் முறை சோறு வைத்தாள். ஆசாரத்தில் சோறு மெல்லுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அத்தை சாப்பிட, அவள் தலைக்கு மேலே அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். எது அத்தை என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கை கழுவிவிட்டு அவள் எழுந்தாள். குரல் மாறியிருந்தது. தணிந்து, ஒரே சீராக, கோயிலில் சாமி வந்தவர்கள் பேசுவது போல.

"கேட்டா குடுப்பீங்களா?"

"சத்தியமா குடுக்கறனுங்க."

"சூடத்து மேல அடிங்க."

அப்பா தட்டில் புதுச் சூடம் ஏற்றி, அதன்மேல் உள்ளங்கையை அடித்தார். அணைந்து புகை வந்தது.

"என்ர கொழந்தைக்குத் தாய்மாமன் மடி வேணும். காது குத்தற அன்னைக்கு நீங்க போத்தனூருக்கு வந்து ஒக்காரோணும். சீரோட வரோணும்."

இதைக் கேட்கத்தான் அவள் வந்திருக்கிறாள். நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்திய குழந்தை என்றால் அது என்ன பேச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டு ஊரும் பேசுகிற கல்யாணம். பிறக்கப்போகிற குழந்தையையாவது அந்தப் பேச்சிலிருந்து காப்பாற்றிவிட வேண்டும் என்று, வேண்டாம் என்று தடுத்த புருஷனையும் மீறி, அந்த வயிற்றோடு பஸ் ஏறியிருக்கிறாள்.

"வாரனுங்க" என்றார் அப்பா.

"பையன உட்டுபோட்டேன்" என்றாள் அத்தை. போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் தாண்டிய பிறகு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.

தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியது. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் கோபி டாக்டரிடம் வாங்கிக் கொடுத்த மாத்திரையாலும் இருக்கலாம். அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. படம் அவர் இருக்கும்வரை சுவரில் இருந்தது, இலையும் போடப்பட்டது. அத்தை அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

காது குத்துக்கு அப்பா போனார். பேயிடம் அடித்த சத்தியம் அல்லவா. அம்மாவை விட்டுவிட்டு, சீர்த்தட்டு தூக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போத்தனூர் ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் கூவிக்கொண்டு போயிற்று. அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார், கண்ணை நிலத்திலிருந்து எடுக்கவில்லை. கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள். அதைத் தொடவே பயந்து கையைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். ஊசி இறங்கியதும் குழந்தை வீரிட்டு அலறி அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. புருஷன் வீட்டார் எல்லோரும், தாய்மாமன் வந்துட்டாருங்க, சீர் வந்துட்டுதுங்க என்று மனம் நிறைந்துபோனார்கள். அத்தையின் தலை அன்று நிமிர்ந்திருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் என் பின்னால் வந்து நின்றாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். சூடாக இருந்தது. வியர்வையும் பவுடரும் கலந்து மணத்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழுகாத கண்ணு" என்றாள் காதோரமாக. "உசுரோட வந்து கேட்டிருந்தா உங்கொப்பன் வந்திருப்பானா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பட்டு வேட்டியில் பெரிதாக ஓர் ஈரம். அவினாசி தாண்டிய பிறகு என் பக்கம் குனிந்தார்.

"கண்ணு. செத்தவளுக்குப் பொறந்த கொழந்தை இப்படிச் சூடா ஒண்ணுக்குப் போகுமா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"போகாதுங்கப்பா" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், தீட்டு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவருக்கு வைப்பதுபோல அம்மா கிணற்றடியில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். வேட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். அப்பா அவளைத் தாண்டி உள்ளே போனார். குளிக்கவில்லை. அந்த வேட்டியோடேயே படுத்துத் தூங்கிவிட்டார்.